தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் அம்மை எப்போது முடிந்தது என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைப் பிள்ளையின் தலைக்கு ஊற்றிவிட்டால் முடிந்தது. ஒரு தண்ணீரோடு விடுகிறவர்கள் உண்டு, ஒன்றுவிட்டு ஒரு நாள் மூன்று தண்ணீர் ஊற்றுகிறவர்களும் உண்டு. அப்புறம் வாசலில் செருகிய வேப்பங்கொத்து போய்விடும். அடுப்பில் தாளிக்கிற சத்தம் திரும்பக் கேட்கும். நேர்ந்துகொண்டவர்கள் சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு ஆக்கினிச்சட்டி எடுப்பார்கள். மலைக்கு மேலே குமுளி, அணக்கரை, வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்ட லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருக்கும் நம் ஆட்களுக்கும் இதே கணக்குதான்.

சின்னம்மைக்கு இந்தக் கணக்கு பெரும்பாலும் சரியாக வந்துவிடும். எங்கள் பாட்டிகள் மணல்வாரி என்று சொல்லும் தட்டம்மைக்குச் சில சமயம் வராது. அது மூளையைத் தொடுகிற விதம் மூன்று. ஒன்று சில நாளில் வரும், ஒன்று சில மாதத்தில், ஒன்று பல வருடம் கழித்து. பெரும்பாலும் மூன்றுமே, வீட்டில் எல்லோரும் நோய் முடிந்தது என்று மூச்சுவிட்ட பிறகு வருகிறவை.

நான் டாக்டர் இல்லை. மலையடிவாரத்தில் ஒரு நரம்பு டாக்டரிடம் இ.இ.ஜி. எடுக்கும் டெக்னீஷியன். தலையை அளவு நாடாவால் அளந்து, பென்சிலால் குறி வைத்து, பேஸ்ட் தடவி, வயர்களை ஒட்டி, மூளையின் மின்னோட்டம் திரையில் கோடுகளாக ஓடுவதைப் பதிவு செய்வது என் வேலை. முந்தைய நாள் ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டு வரச் சொன்னாலும் பாதிப் பேர் எண்ணெய் வழியத்தான் வருவார்கள். மருத்துவமனைக்குப் போகும் பிள்ளையைத் தலை சீவாமல் கூட்டிப்போக எந்த அம்மாவுக்கு மனசு வரும்? அதைத் துடைத்து எடுக்கிற நேரத்தில்தான் வீட்டுக் கதைகள் எல்லாம் வெளியே வரும். டாக்டர் முன்னால் வாயைத் திறக்காத அப்பத்தாக்கள் என்னிடம் பேசுவார்கள். எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் கேரளாவிலிருந்து இறங்கி வருகிறவர்கள். மலையாளிகளும் உண்டு, மூன்று தலைமுறையாக மேலே இருக்கும் தமிழர்களும் உண்டு, கம்பம், தேவாரம், போடியிலிருந்து தினமும் விடியற்காலை ஜீப் ஏறிப் போய் ஏலக்காய் எடுத்துவிட்டுச் சாயங்காலம் இறங்குகிறவர்களும் உண்டு.

முதலில் சீக்கிரம் வருவதைச் சொல்லிவிடுகிறேன். தட்டம்மைக் காய்ச்சலின் உச்சத்தில் சில பிள்ளைகளுக்கு வலிப்பு வரும். அது காய்ச்சல் வலிப்பு. பயமாக இருக்குமே தவிர, பெரும்பாலும் தடயம் இல்லாமல் போய்விடும். நான் சொல்வது வேறு. தடிப்பு வந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். உடம்பில் சிவப்பு மங்கி, தோல் பொடிப்பொடியாக உதிர ஆரம்பித்திருக்கும். பிள்ளை எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்திருக்கும். அப்போது காய்ச்சல் திரும்ப ஏறும். தலைவலி, வாந்தி. பிள்ளை சோர்ந்து சோர்ந்து தூங்கும், எழுப்பினால் சம்பந்தமில்லாமல் பேசும், நடக்கும்போது தள்ளாடும், வலிப்பும் வரலாம். இது மூளையழற்சி. தட்டம்மை வந்த குழந்தைகளில் ஆயிரத்தில் ஒருவருக்கு வருகிறது என்பது உலகம் முழுக்கச் சொல்லப்படும் கணக்கு. வந்தவர்களில் பத்துக்கு ஒருவராவது இறந்துபோகிறார்கள். பிழைத்தவர்களில் சுமார் கால்வாசிப் பேருக்கு வலிப்பு, காது கேளாமை, புத்தி மந்தம் என்று ஏதாவது ஒன்று தங்கிவிடுகிறது.

இதில் விசித்திரம் என்னவென்றால், இந்தக் குழந்தைகளின் மூளையில் வைரஸைத் தேடினால் பெரும்பாலும் கிடைப்பதில்லை. வைரஸோடு சண்டை போடக் கிளம்பிய நோய் எதிர்ப்பு அணுக்கள் ஆள் தெரியாமல் நரம்புகளின் மேலுறையையே தாக்கிவிடுகின்றன. அது நடக்கிற நாள்தான் எங்கள் ஊருக்கு வில்லங்கம். தடிப்பு தொடங்கி ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது நாள் என்றால் ஏறக்குறைய தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள். அதனால் திரும்ப வந்த காய்ச்சலுக்கு வீட்டில் உடனே ஒரு காரணம் தயாராக இருக்கும். தண்ணீர் சீக்கிரம் ஊற்றிவிட்டோம், தீட்டுப்பட்டுவிட்டது, ஆத்தாளுக்கு ஏதோ குறை வைத்துவிட்டோம். மறுபடி வேப்பிலையைப் போட்டுப் படுக்கவைத்து இரண்டு நாள் போய்விடும். வேப்பிலை மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. வாசலில் அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே வராமல் நிற்பது நல்ல விஷயம்தான். ஆனால் தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே தட்டம்மை பரவத் தொடங்கிவிடுகிறது. கொத்து செருகும்போது பாதிக் காரியம் முடிந்திருக்கும். அதே வேப்பிலையோடு சேர்த்து, தட்டம்மை வந்த குழந்தைக்கு அடுத்தடுத்து இரண்டு நாள் வைட்டமின் ஏ கொடுக்க வேண்டும். ஒரு வயது தாண்டியிருந்தால் ஒவ்வொரு நாளும் 2 லட்சம் யூனிட், ஆறு மாதத்திலிருந்து பதினொரு மாதம் வரை 1 லட்சம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாயில் ஊற்றிவிடுவார்கள். கண்ணையும் உயிரையும் காப்பாற்றுகிற மருந்து அது. அம்மைக்கு மருந்தே கூடாது என்று அதையும் தள்ளிவைப்பதில்தான் எனக்கு ஆதங்கம்.

இரண்டாவது விதம் அரிது. ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கும் குழந்தைகள், ஹெச்.ஐ.வி. உள்ள குழந்தைகள் என்று எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு, தட்டம்மைக் கிருமி பட்ட ஒன்று முதல் ஆறு மாதத்துக்குள் வருவது. சில குழந்தைகளுக்கு உடம்பில் தடிப்பே வந்திருக்காது. ஒரு பக்கக் கையோ முகமோ விடாமல் துடித்துக்கொண்டே இருக்கும், மாத்திரைக்கு அடங்காது. பெரும்பாலானவர்கள் பிழைப்பதில்லை. இந்தக் குழந்தைகளுக்கு உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்த தடுப்பூசியையும் பல சமயம் போட முடியாது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

மூன்றாவதுதான் என் அறைக்கு வருவது. பெயர் நீளம்: சப்அக்யூட் ஸ்கிளிரோசிங் பேன்என்செஃபலைட்டிஸ். எல்லோரும் எஸ்.எஸ்.பி.இ. என்றுதான் சொல்வோம்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரிய வேண்டாம் என்பதற்காக ஊரையும் வேறு சிலவற்றையும் மாற்றியிருக்கிறேன். நான்காம் வகுப்பு. மேலே ஒரு தமிழ் வழிப் பள்ளியில் படித்தான். முதலில் கையெழுத்துக் கெட்டது. வாய்ப்பாடு மறந்தது. டீச்சர் கூப்பிட்டு, பையன் ஏன் இப்படிக் கவனமில்லாமல் போய்விட்டான் என்று கேட்டிருக்கிறார். வீட்டில் போன் பார்த்துக் கெட்டுப்போனான் என்று போனைப் பிடுங்கி வைத்தார்கள். பிறகு டம்ளர் கையிலிருந்து விழ ஆரம்பித்தது. சாப்பிடும்போது தலை சட்டென்று முன்னால் சாய்ந்து எழும்பும். நடக்கும்போது முழங்கால் மடங்கி விழுவான், உடனே எழுந்துகொள்வான். சேட்டை செய்கிறான் என்று அடி வாங்கியிருக்கிறான். ஒரு டாக்டர் வலிப்பு மாத்திரை கொடுத்தார், கொஞ்சம் குறைந்தது, பிறகு கூடியது. அப்புறம்தான் எங்களிடம் அனுப்பினார்கள்.

வயர்களை ஒட்டிவிட்டுப் பதிவைத் தொடங்கினேன். சாதாரண வலிப்பு நோயாளிக்கு இ.இ.ஜி. எடுத்தால் அரைமணி நேரம் ஓட்டியும் ஒன்றும் சிக்காமல் போவது சகஜம். மூச்சை இழுத்து விடச் சொல்லி, கண்ணுக்கு முன் விளக்கை மினுக்கி, தூங்க வைத்து, எப்படியாவது ஒரு அலையைப் பிடிக்கப் பார்ப்போம். இவனுக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. முதல் நிமிடத்திலேயே, தலையின் இரண்டு பக்கமும் எல்லாக் கோடுகளிலும் ஒரே நேரத்தில் உயரமாக ஒரு அலைக்கூட்டம் எழுந்து அடங்கியது. அதே நொடியில் அவன் தோள் துள்ளியது. சில நொடி அமைதி. மறுபடி அதே வடிவம், அதே துள்ளல். சரியாக மூடாத குழாயில் சொட்டு விழுகிற மாதிரி, இடைவெளி மாறாமல்.

பெல்ஜியத்தைச் சேர்ந்த ராடர்மெக்கர் என்ற நரம்பு மருத்துவர் 1949-லேயே இந்த அலைகளைப் பற்றி எழுதினார். இன்றும் அவர் பெயரைச் சொல்லித்தான் ரிப்போர்ட் எழுதுகிறோம். பெரும்பாலும் நான்கிலிருந்து பத்து நொடிக்கு ஒருமுறை வரும், சிலருக்கு இடைவெளி இன்னும் நீளும். ஒரு பிள்ளையிடம் எல்லா அலையும் கிட்டத்தட்ட ஒரே அச்சில் இருக்கும். டயாசிபாம் ஊசி போட்டால் மற்ற பல வலிப்பு அலைகள் அடங்கும், இது அடங்காது. தூங்கினால் உடம்பு துள்ளுவது நின்றுபோகும், திரையில் அலை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஆரம்பத்தில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன்கூட ஒன்றுமில்லை என்று வருவது உண்டு. பிறகு முதுகுத் தண்டுவட நீரை எடுத்து, அதில் தட்டம்மைக்கான எதிர்ப்புப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து உறுதி செய்வார்கள். அது அந்த நீரில் அவ்வளவு உயர்ந்திருக்க வேறு காரணம் இருப்பது அரிது. நான் டெக்னீஷியன், திரையில் பார்த்ததை வீட்டுக்காரர்களிடம் சொல்லக்கூடாது. முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு பேஸ்ட்டைத் துடைத்துவிட வேண்டும். இந்த வேலையில் எனக்குப் பிடிக்காத பகுதி அதுதான்.

டாக்டர், சின்ன வயதில் அம்மை வந்ததா என்று கேட்டார். அம்மாவுக்கு நினைவில்லை. அப்பத்தாதான் சொன்னார்.

"வந்துச்சே சார். எட்டு மாசத்துல. கீழ கூட்டியாந்து நாந்தேன் பாத்தேன். மேல லயத்துல அஞ்சாறு பிள்ளைகளுக்குப் போட்டிருந்துச்சு, அதுல இவனுக்கும் வந்துருச்சு. மூணு தண்ணி ஊத்தி, சட்டியும் எடுத்தோம். அதுக்கும் இதுக்கும் என்ன சார்?"

அதுக்கும் இதுக்கும் என்ன என்பதை உலகமே ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தது. 1933-ல் அமெரிக்காவில் டாசன் என்ற மருத்துவர் இப்படி இறந்த ஒரு பையனின் மூளை அணுக்களுக்குள் கிருமி இருப்பதற்கான அடையாளத்தைப் பார்த்து எழுதினார். அது எந்தக் கிருமி என்று உறுதியாக முப்பது வருடத்துக்கு மேல் ஆனது. 1969-ல் நோயாளிகளின் மூளைத் திசுவிலிருந்து தட்டம்மை வைரஸையே பிரித்தெடுத்தார்கள். வைரஸ் போகவில்லை. பல வருடம் உள்ளேயே இருந்திருக்கிறது.

எப்படி இருக்கிறது என்பதும் இப்போது ஓரளவு தெரியும். சாதாரணமாக வைரஸ் ஓர் அணுவுக்குள் பெருகி, முழு உருவமாக வெளியே வந்து, அடுத்த அணுவைப் பிடிக்கும். வெளியே வரும்போது எதிர்ப்பு சக்தியிடம் மாட்டும். மூளையில் தங்கிவிட்ட வைரஸ் காலப்போக்கில் மாறிப்போகிறது. உருவத்தைக் கட்டி வெளியே அனுப்ப உதவும் எம் புரதம் கெட்டுவிடுகிறது. அணுவோடு அணுவை ஒட்டவைக்கும் எஃப் புரதம் அளவுக்கு மீறிச் சுறுசுறுப்பாகிவிடுகிறது. வெளியே தலை காட்டாமலேயே ஒரு நரம்பணுவிலிருந்து அடுத்ததற்கு நகர்ந்து நகர்ந்து போகிறது. ரத்தத்திலும் தண்டுவட நீரிலும் எதிர்ப்புப் பொருள் குவிந்து கிடக்கும், ஆனால் பிடிக்க ஆள் வெளியே வருவதில்லை. ஆறு, எட்டு, பத்து வருடம் இப்படிப் போகும். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கு அதிகம். வெளியே தெரிகிற அன்று மூளையில் பெரும்பகுதிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

மருந்து இருக்கிறதா என்றால், ஐசோபிரினோசின் மாத்திரை உண்டு, இன்டர்ஃபெரானை மூளை நீருக்குள் செலுத்துவது உண்டு. மூன்றில் ஒரு பங்குப் பேருக்கு நோயின் வேகம் நிற்கிறது அல்லது குறைகிறது. துள்ளலைக் குறைக்க வலிப்பு மாத்திரைகள் உதவும். முழுதாகக் குணமாக்கும் வைத்தியம் கிடையாது. பெரும்பாலான குழந்தைகள் ஒன்றிலிருந்து மூன்று வருடத்துக்குள் பேச்சு, பார்வை, நடை எல்லாம் போய் இறந்துவிடுகிறார்கள். இந்தப் பையனும் அப்படித்தான். இடையில் மூலிகை லேகியம் என்று ஒருவர் பெருந்தொகை வாங்கிக்கொண்டு போனார். அவரைப் பற்றி எழுதினால் வார்த்தை தடித்துவிடும், விட்டுவிடுகிறேன்.

நான் உண்மையில் எழுத வந்தது அந்த அம்மாவைப் பற்றி. நோய் என்னவென்று தெரிந்த நாளிலிருந்து எல்லோரும் அவரிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். பார்க்க வந்த உறவுக்காரர், பக்கத்துக் கட்டில்காரர், அவர்கள் போன ஒரு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு எழுதியவர்கூட: "ஊசி போடலையா?" அவர் மஞ்சள் பையிலிருந்து கார்டை எடுத்துக் காட்டுவார். பிறந்த அன்று போட்டது, ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினான்காவது வாரம், எல்லாம் வரிசையாக. பத்தாவது மாதம் தட்டம்மை ஊசி. ஒன்றரை வயதில் இரண்டாவது. ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. உடனே கேள்வி திரும்பிக்கொள்ளும்: "அப்ப ஊசியாலதான் இப்படி ஆயிருக்கும்." பையனின் அப்பாவே கொஞ்ச நாள் அதை நம்பினார்.

இரண்டுமே தப்பு. எஸ்.எஸ்.பி.இ. வந்த குழந்தைகளின் மூளையில் கிடைத்த வைரஸின் மரபணுவைப் படித்துப் பார்த்திருக்கிறார்கள். எல்லாமே ஊரில் பரவும் காட்டு வைரஸ், தடுப்பூசியில் இருக்கும் வைரஸ் ஒருமுறைகூடக் கிடைத்ததில்லை. தடுப்பூசி வந்த நாடுகளில் இந்த நோய் ஏறக்குறைய மறைந்தே போனது. ஊசியால் வருவதாக இருந்தால் கூடியிருக்க வேண்டும். இந்தப் பையனுக்குக் கிருமி உள்ளே போனது எட்டாவது மாதத்தில். நம் நாட்டில் முதல் தட்டம்மை ஊசி ஒன்பது மாதம் முடிந்த பிறகுதான். அவன் அம்மா ஒரு நாளும் பிந்தவில்லை. வைரஸ் முந்திக்கொண்டது. அதன் பிறகு போட்ட ஊசி அவனுக்குக் கெடுதலும் செய்யவில்லை, ஏற்கெனவே உள்ளே போனதை வெளியே எடுக்கவும் அதனால் முடியாது.

கைக்குழந்தை வயதில் வந்தால்தான் ஆபத்து அதிகம் என்பது பழைய செய்தி. எவ்வளவு அதிகம் என்பதைக் கலிஃபோர்னியாவில் கணக்கிட்டார்கள். 1988-லிருந்து 1991 வரை அங்கே தட்டம்மை பெரிதாகப் பரவியது. பின்னாளில் எஸ்.எஸ்.பி.இ. வந்தவர்களோடு அந்தக் கணக்கை ஒட்டிப் பார்த்து 2017-ல் வெளியிட்டார்கள். ஐந்து வயதுக்குள் தட்டம்மை வந்தவர்களில் 1,367 பேருக்கு ஒருவர். ஒரு வயதுக்குள் வந்தவர்களில் 609 பேருக்கு ஒருவர். லட்சத்தில் ஒரு சிலர் என்று ஒரு காலத்தில் நினைத்திருந்த நோய் இது. 2025 செப்டம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸ் சுகாதாரத் துறை அறிவித்த ஒரு குழந்தையின் மரணமும் இதே கதைதான்: ஊசி போடும் வயது வருவதற்குள் தட்டம்மை, பள்ளி வயதில் எஸ்.எஸ்.பி.இ.

அப்படியானால் எட்டு மாதக் குழந்தையை யார் காப்பாற்றுவது? தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு சக்தி அந்த வயதில் பெரும்பாலும் தீர்ந்துபோயிருக்கும். அந்த லயத்தில் ஓடி விளையாடிய மூன்று வயது, ஐந்து வயதுப் பிள்ளைகள்தான் காப்பாற்றியிருக்க முடியும். அவர்களுக்கு இரண்டு ஊசியும் போட்டிருந்தால் வைரஸ் அந்த வாசலுக்கே வந்திருக்காது. தட்டம்மை வந்த ஒரு பிள்ளை, எதிர்ப்பு இல்லாத 12 முதல் 18 பேருக்குக் கொடுக்கும். இருமிவிட்டு வெளியே போன பிறகும் அறைக் காற்றில் இரண்டு மணி நேரம் வரை கிருமி இருக்கும். லயத்தில் ஒரு வரிசைக்கு எத்தனை வீடு, ஒரு வீட்டுக்கு எத்தனை பேர் என்று மேலே போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அதனால்தான் நூற்றுக்கு 95 பிள்ளைகளுக்கு இரண்டு ஊசியும் வேண்டும் என்கிறார்கள். ஒன்பது மாதத்தில் போடும் முதல் ஊசி நூற்றில் 85 பேருக்குத்தான் பிடிக்கும். இரண்டும் போட்டால் 97. நான் மேலே மனதில் வைத்துக்கொள்ளச் சொன்ன, ஊசி போட முடியாத புற்றுநோய்க் குழந்தைக்கும் இதுதான் முக்கியக் காவல்.

அந்த இரண்டாவது ஊசிதான் எங்கள் மலையில் தவறுகிறது. முதல் ஊசிக்கு அம்மாவும் குழந்தையும் பெரும்பாலும் கீழே பிறந்த வீட்டில் இருப்பார்கள். கிராம சுகாதார செவிலியர் வீடு தேடி வருவார், பெயர் சொல்லிக் கூப்பிடுவார். இரண்டாவது ஊசி 16 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள். அப்போது அம்மா வேலைக்குத் திரும்பியிருப்பார். ஏலக்காய் எடுப்பு நடக்கும் மாதங்களில் குடும்பம் மேலே, எடுப்பு முடிந்ததும் கீழே. கீழே செவிலியர் பதிவேட்டில் குடும்பம் கேரளா போய்விட்டது என்று இருக்கும். மேலே ஆஷா பணியாளரிடம் கேட்டால், அவங்க தமிழ்நாட்டுக்காரங்க, அங்கே போட்டுப்பாங்க என்பார். இரண்டு பேரும் சொல்வதில் பொய் இல்லை. பிள்ளையின் பெயர் இரண்டு பக்கமும் இருக்கும், ஊசி இரண்டு பக்கமும் இருக்காது. இரண்டு மாநிலத்திலும் ஊசி நாள் புதன்கிழமைதான். அன்றைக்கு ஜீப்பைவிட்டால் ஒரு நாள் கூலி போச்சு. அதையும் விட்டுவிட்டுப் போன இடத்தில், இன்னும் நாலு பிள்ளைகள் வரட்டும், குப்பியைத் திறந்தால் வீணாகும் என்று ஓர் இடத்தில் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். கரைத்த மருந்தை நான்கு மணி நேரத்துக்கு மேல் வைக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்கலாம் என்றுதான் செவிலியர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். திரும்பிப் போன அம்மா அடுத்த புதன் வரவில்லை என்றால் அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது.

இந்தியாவில் 1985-ல் தட்டம்மை ஊசி பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் வந்தது. இரண்டாவது தவணை சேர 2010 ஆனது. 2017-ல் தட்டம்மையோடு ரூபெல்லாவையும் சேர்த்து, பதினைந்து வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் போட்டார்கள். தமிழ்நாட்டில் பிப்ரவரியில், கேரளாவில் அக்டோபரில். வாட்ஸ்அப்பில் வந்த ஆடியோக்களை நம்பி அந்த வாரங்களில் பிள்ளையைப் பள்ளிக்கே அனுப்பாதவர்கள் எங்கள் தெருவில் உண்டு. மேலேயும் கீழேயுமாக அலைந்த குடும்பங்களில் இரண்டு இடத்திலும் போட்டுக்கொண்ட பிள்ளைகளும் இருந்தார்கள், இரண்டிலும் விட்டுப்போனவர்களும் இருந்தார்கள். இரண்டு முறை போட்டதால் ஒரு கெடுதலும் இல்லை. 2022 கடைசியில் மும்பையிலும் மலப்புரத்திலும் தட்டம்மை பரவியபோது, ஒன்பது மாதம் நிரம்பாத குழந்தைகளிடம் அதிகம் காணும் இடங்களில் ஆறு மாதத்திலேயே கூடுதலாக ஓர் ஊசி போடலாம் என்று மத்திய அரசு சொன்னது. எட்டு மாதப் பையனுக்கு நேர்ந்ததை நேரில் பார்த்த எனக்கு, அந்த அறிவிப்பைப் படித்தபோது இது முன்பே வந்திருக்கக்கூடாதா என்றுதான் தோன்றியது.

ஊசிக்குப் பயப்படுகிறவர்களை நான் கிண்டல் செய்வதில்லை. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட அன்றே நான்கு குழந்தைகள் இறந்தன. அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் கிராமத்துக்கே போய் ஊசி போடுவதைக் கொஞ்ச காலம் நிறுத்திவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் மட்டும் போட்டார்கள். அந்தச் செய்தியை டி.வி.யில் பார்த்த அம்மாக்கள் இன்று பாட்டிகள். மகளிடம், எதுக்கும் கொஞ்சம் பொறு என்று சொல்கிறவர்கள் அவர்கள்தான். அவர்களிடம் புள்ளிவிவரம் பேசிப் பயனில்லை. நான் வைத்திருப்பது ஒரே ஒரு பழைய இ.இ.ஜி. தாள், பெயர் வெட்டப்பட்டது. அதைக் காட்டி, இது எதனால் வருகிறது என்று சொல்வேன். சிலர் கேட்பார்கள். சிலர் அடுத்த நோயாளிக்கு இடம் விட்டு நகர்ந்துகொள்வார்கள்.

கொஞ்ச நாள் முன்பு காய்ச்சல் வலிப்புக்காகப் பேத்தியைக் கூட்டிவந்த ஒரு அம்மாச்சி கேட்டார்: "தம்பி, இவளுக்குத்தேன் போன மாசியில அம்மை பாத்துருச்சே. ஒருக்க வந்தா மறுக்க வராதுன்றாக. இனி ஊசி எதுக்கு?" நல்ல கேள்வி. தட்டம்மை ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்பது சரிதான். ஆனால் காய்ச்சலோடு தடிப்பு வருகிற நோய்கள் பல. ரத்தம் எடுத்துப் பார்க்காமல் அது தட்டம்மையேதான் என்று வீட்டில் வைத்து முடிவு செய்ய முடியாது. அதனால் அம்மை வந்த பிள்ளைக்கும் இரண்டு ஊசியும் உண்டு. கார்டு தொலைந்திருந்தாலும், முதல் ஊசி போட்டோமா இல்லையா என்று மறந்திருந்தாலும் போடலாம். விட்டுப்போனவர்களுக்கு ஐந்து வயது வரை அரசு மையத்தில் காசில்லாமல் போடுவார்கள். இப்போது யு-வின் என்ற இணையப் பதிவு வந்திருப்பதால், கீழே போட்டதை மேலேயும் மேலே போட்டதைக் கீழேயும் பார்க்கலாம். ஆதாரும் போன் நம்பரும் கொண்டுபோனால் வேலை சுலபம்.

"நாங்க இப்ப மேல சங்கிலித்தோட்டத்துப் பக்கம் இருக்கோம். எங்க போயி போட?"

எந்தப் பக்கம் இருக்கிறீர்களோ அந்தப் பக்கம் போடுங்கள் என்றேன். ரேஷன் கார்டு கேட்பார்களா என்று கேட்டார். ஊசிக்குக் கேட்கமாட்டார்கள்.